‘ஆபரேஷன் பண்ணினா சைக்கிள் மிதிக்க முடியுமா சார்?’

போன மாதம் பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நவரைப் பட்டத்துக்கான விதைநேர்த்தி செயல்விளக்கம் நடத்தினோம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்று காட்டிவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டு. எல்லோரும் கலைந்து போன பிறகும் ஒருவர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். 60 சென்ட் நிலத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் போடுகிறார். தினமும் விடிவதற்கு முன்னால் கீரைக்கட்டுகளை சைக்கிள் கேரியரில் கட்டி, பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். பத்து வருடமாக எனக்குத் தெரிந்தவர்.

“கீரையில இலைப்புள்ளியா அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வேட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தொடையோடு சேர்த்துக் கட்டிய மூத்திரப்பை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ராத்திரி சிறுநீர் சுத்தமாக நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கு டியூப் போட்டவர்கள், புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்று சொல்லிவிட்டார்களாம். இவர் மாதத்துக்கு ஒருதரம் போய் டியூபை மாற்றிக்கொண்டு வருகிறாரே தவிர, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“சார், நீங்க படிச்சவரு, அதான் கேக்கறேன். ஆபரேஷன் பண்ணினா சைக்கிள் மிதிக்க முடியுமா? ஜென்மத்துக்கும் மிதிக்கக் கூடாதுங்கறாங்க. அப்புறம் நான் எதுல கீரையக் கொண்டுபோறது?”

“டாக்டர்கிட்டயே கேளுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. ஏனென்றால், அவருக்குச் சொன்ன அதே ஆபரேஷனை நான் 2023-ல் செய்துகொண்டவன். இன்றைக்கு வாரத்தில் நான்கு நாள் சைக்கிள் ஓட்டுகிறேன். ஆனால் என் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது என்றுதான் சொல்வார்கள். அப்படித்தான் நான் சொல்லி வைத்திருந்தேன்.

இந்தப் பத்திரிகையில் பூச்சி, உரம், பட்டம் பற்றித்தான் நான் எழுதியிருக்கிறேன். இந்த ஒருமுறை என் உடம்பைப் பற்றி எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்காத வேளாண்மை அலுவலர்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அறிகுறி ஆரம்பித்தது. சிறுநீர் வர நேரம் பிடிக்கும். வந்தாலும் மெலிதாக வரும், விட்டுவிட்டு வரும். முடித்துவிட்டுத் திரும்பினால் இன்னும் பாக்கி இருப்பது போலத் தோன்றும். ராத்திரியில் நான்கைந்து தடவை எழுந்திருப்பேன். கிராமத்துக்குப் போகிற நாட்களில், வழியில் தவிக்க வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போக ஆரம்பித்தேன். விவசாயி அன்போடு நீட்டுகிற மோரைக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

“ஏங்க, ராத்திரி அஞ்சு தடவை எழுந்து போறீங்க. சர்க்கரையான்னு பாருங்க” என்று மனைவி சொன்னாள். சர்க்கரை இல்லை. அதோடு விட்டுவிட்டேன். இலையில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே எடுத்துக்கொண்டு வாருங்கள், பரவின பிறகு வராதீர்கள் என்று முப்பது வருடமாக விவசாயிகளுக்குச் சொல்கிறவன் நான். என் விஷயத்தில் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த இடத்துச் சமாச்சாரத்தை ஒருவரிடம் போய்ச் சொல்ல வெட்கம். வேறு காரணம் இல்லை.

கடைசியில் ஒரு ஜலதோஷம்தான் என்னை மாட்டிவிட்டது. கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டேன். அன்று மாலையே சிறுநீர் சொட்டுச்சொட்டாகிவிட்டது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சில சளி, இருமல் மருந்துகள் சிறுநீரை அடைத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இருக்கும். இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். வயதாக ஆக வீங்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் உண்டு. எல்லோருக்கும் தொந்தரவு தருவதில்லை. எனக்கு 70 கிராம் இருந்தது. சிறுநீர் கழித்த பிறகும் உள்ளே கால் லிட்டர் தேங்கி நின்றது.

ஏரி நிரம்பியிருக்கும்போது மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் வந்த வழியிலேயே எதிர்த்து ஏறும். உடம்பிலும் அப்படித்தான். சிறுநீர்ப்பையில் தேங்குவது பின்னோக்கி அழுத்தி, நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். கல்லும் சேரும், கிருமித்தொற்றும் வரும்.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். புற்றுநோய் இருக்கிறதா என்று சந்தேகிக்க உதவுகிற பரிசோதனை அது. வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. ஆனால் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஒலிம்பிக்கில் 6 தங்கம் வாங்கிய பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய், தோள்வலி என்று போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் தனக்கு புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவியிருப்பதைத் தெரிந்துகொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே நோய் இருந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அவரே இதை வெளியே சொன்னார். தனக்கு வந்ததைச் சொன்னால் மற்றவர்கள் பரிசோதித்துக்கொள்வார்கள் என்று சொன்ன அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது, குடலிறக்கம் என்று புளுகின நான் வெட்கப்பட்டேன்.

எனக்கு பி.எஸ்.ஏ. சரியாக இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். எழுந்து நின்றால் தலைசுற்றியதே தவிர, தேங்குவது குறையவில்லை. 2023 நவம்பர் 20-ம் தேதி ஆபரேஷன்.

வெளியே தையல் இல்லை, உள்ளே புண் இருக்கிறது

டி.யு.ஆர்.பி. என்று சொல்கிற ஆபரேஷன் அது. வயிற்றைக் கிழிப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கிற சதையை உள்ளேயே சீவிச்சீவி எடுக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டியூப் வழியாக இரண்டு நாள் உப்புநீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் டியூபை எடுத்தார்கள். கொஞ்சம் எரிச்சல் இருந்தது. ஆனால் இருபது வயதில் போன மாதிரி சிறுநீர் போனது. நான்காம் நாள் ஆவடியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ஆறு வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வரவிடக் கூடாது, முக்கக் கூடாது. தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும். பைக், சைக்கிள், டிராக்டர் எதிலும் உட்காரக் கூடாது.

அதற்குள் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீர். இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஆறாம் தேதி போன் உயிர்பெற்றதும் முதல் அழைப்பு ஒரு நெல் விவசாயியிடமிருந்து. “சார், கதிர் வர்ற பயிரு. மூணு நாளா முழுகிக் கெடக்கு. வந்து பாக்க மாட்டீங்களா?” என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன். என் வேலையைப் பார்க்க இன்னொரு அலுவலர் இருந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பைக் வாசலில் முழுகிக் கிடந்து ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பாவின் பழைய ஹெர்குலஸ் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனியில் செய்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில்தான் கிராமங்களுக்குப் போய்வந்தேன். மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆபரேஷன் ஆகி அன்று பதினாறாவது நாள்.

மூன்று கிலோமீட்டர் மிதித்தேன். எந்த வலியும் இல்லை. முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு சிறுபாலம் உடைந்திருந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடந்தேன். பயிரைப் பார்த்தேன். தண்ணீரை எந்தப் பக்கம் வடிக்க வேண்டும், வடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வரிகூட போனிலேயே சொல்ல முடியாதது இல்லை.

அன்று சாயங்காலம் சிறுநீர் பீட்ரூட் சாறு மாதிரி வந்தது. ராத்திரி பத்து மணிக்கு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு நின்றேபோனது. அடிவயிறு கல்லாகிவிட்டது. அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிற்கிற தெருக்களில் ஆட்டோ கிடைக்காமல் மனைவி பதினைந்து பேருக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கட்டியைக் கழுவி எடுத்து மறுபடி டியூப் போட்டார்கள். இன்னும் நான்கு நாள் படுக்கை.

“சார், வெளியில தையல் இல்லாததால உள்ள புண்ணே இல்லைன்னு நினைச்சுட்டீங்களா?” என்று அந்த இளம் டாக்டர் கேட்டார். உள்ளே சீவிய இடத்தில் புண் பொருக்குத் தட்டி, இரண்டு வாரம் வாக்கில் அந்தப் பொருக்கு உதிரும். அந்தச் சமயத்தில்தான் மறுபடி ரத்தம் கசிகிற ஆபத்து அதிகம். நான் சரியாக அந்த நாட்களில் சைக்கிளைத் தோளில் தூக்கியிருக்கிறேன். ஆறு வாரம் என்றிருந்தது எனக்குப் பன்னிரண்டு வாரமானது.

மனைவி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதைவிட ஆஸ்பத்திரியே தேவலாம் போலிருந்தது.

பார் இல்லாத சைக்கிளில் பத்து நிமிடம்

2024 மார்ச் முதல் வாரத்தில் டாக்டர் அனுமதி கொடுத்தார். கேட்டதும் ஹெர்குலஸைத் துடைக்கப் போனேன். மனைவி மகளின் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். ஏறுவதற்குக் காலை உயரத் தூக்கி வீச வேண்டாம், சட்டென்று இறங்கலாம். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். பரவாயில்லை என்று ஏறினேன்.

முதல்நாள் பத்து நிமிடம், எங்கள் தெருவுக்குள்ளேயே. வீட்டுக்கு வந்து சிறுநீரின் நிறத்தைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பத்து நிமிடம். இரண்டு வாரம் கழித்து இருபது நிமிடம். நிறம் மாறினால் ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. நல்லவேளையாக மாறவில்லை. சித்திரையில் பருத்திப்பட்டு ஏரிவரை போய்வந்தேன். ஆடியில் ஹெர்குலஸுக்கு மாறினேன்.

சீட் விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். சைக்கிளில் உட்காரும்போது எடையைப் புட்டத்தின் இரண்டு எலும்புகளும் தாங்க வேண்டும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கிற மென்மையான இடம் தாங்கக் கூடாது. அந்த இடத்துக்கு நேர் உள்ளேதான் புராஸ்டேட்டும் சிறுநீர்க் குழாயும் இருக்கின்றன. சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தாலோ, சீட் குறுகலாக இருந்தாலோ முழு அழுத்தமும் அங்கே போகும். அகலமான, நடுவில் பள்ளம் விட்ட ஸ்பிரிங் சீட் ஒன்றை வாங்கி, மட்டமாக, கொஞ்சம் தாழ்வாகப் பொருத்தினேன். ஹேண்டில்பாரை உயர்த்தினேன். மேடு பள்ளம் வந்தால் பெடலில் எழுந்து நின்றுவிடுகிறேன். கால் மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் எனக்குத் தும்மினால், இருமினால் இரண்டு சொட்டு ஒழுகியது. அதற்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். வாயு பிரியாமல் அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து விட வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. டியூப் இருக்கும்போது செய்யக் கூடாது. இரண்டு மாதத்தில் ஒழுகல் நின்றது.

கீரைத் தோட்டத்தில்

கூட்டம் நடந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஹெர்குலஸை எடுத்தேன். பருத்திப்பட்டு, காடுவெட்டியில் கூவம் பாலம், சென்னீர்குப்பம், கரையான்சாவடி, பூந்தமல்லி தாண்டி அந்தக் கிராமம். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பனியில் எதிரே வருவது தெரியாததால் மெதுவாகத்தான் போனேன். ஆறரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னா சார், வண்டி ரிப்பேரா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல இதுல வந்தேன்” என்றேன். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புயல் நேரத்தில் செய்த முட்டாள்தனத்தையும் சொன்னேன்.

அவர் விவசாயி அல்லவா, கேள்வியெல்லாம் கணக்காக வந்தது. “எத்தினி நாள் படுக்கணும்?” நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. “கீரைக்கட்டு எப்ப தூக்கலாம்?” ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. பிறகு கைச்சுமையாக ஆரம்பிக்கலாம். கேரியர் நிறைய ஏற்றி மிதிக்க மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. “செலவு?” அரசு மருத்துவமனையில் இலவசம். சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. “இந்தப் பையோட இப்படியே இருந்துட்டா?” டியூப் வழியாகக் கிருமி ஏறிக்கொண்டே இருக்கும் அண்ணே, அது சிறுநீரகம்வரை போகும்.

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது... போயிடுமா சார்?”

உண்மையில் முதல் கேள்வியே அதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் டாக்டரிடம் கடைசியாகக் கேட்டது அதைத்தான். “பெரும்பாலானவங்களுக்கு ஆண்மை போறதில்லைண்ணே. விந்து மட்டும் வெளிய வராம பின்னால சிறுநீர்ப்பைக்குப் போய், மூத்திரத்தோட கலந்துடும். கெடுதல் கிடையாது. இனிமே புள்ள பெத்துக்கணும்னு நினைக்கறவங்கதான் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பத்து வருடப் பழக்கத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாத்திக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி களை எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நிமிராமலே, “மூணு மாசம் நான் ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கினு போறேன். இவரு போய் அத்த முடிச்சுக்கினு வரட்டும்” என்றார்.

உங்களுக்கும் இதே சந்தேகங்கள் இருக்கலாம். இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டுவதால் புராஸ்டேட் வீங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் சைக்கிளைக் கடுமையாக ஓட்ட வேண்டாம், ரத்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம். இன்னொன்று, நான் எழுதியது சாதாரண வீக்கத்துக்கான ஆபரேஷன் பற்றி. புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்தவர்களுக்கு ஆறும் காலம் வேறு, கணக்கும் வேறு. அவர்கள் தங்கள் டாக்டர் சொல்கிற நாளைத்தான் பின்பற்ற வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ யாராக இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.

கீரைக்காரருக்குப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறார். அவர் சைக்கிளுக்கு என் சீட் மாதிரி ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். வாங்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் கொடுப்பேன் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன், எனக்கு ஆனது குடலிறக்கம் இல்லை என்று. அன்று சாயங்காலம் எங்கள் அலுவலக டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், எனக்கும் ராத்திரியில நாலு தடவை...” என்று ஆரம்பித்தார்.